மூன்றாவது உயிர்

விதர்டன் ஊரில் எவரார்ட் பிரபுவின் மகன் லயனல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட ஆள் ஒருவன்தான். அது பிரபு அல்ல. கீழ்வயல் குத்தகைக்காரன் பார்னபி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் "கடல் தாண்டிப் போனவர்களுக்காக" என்று ஜெபத்தை ஆரம்பித்ததும் மற்றவர்கள் வீட்டில் கொதிக்கிற பன்றிக்கறியை நினைக்கத் தொடங்குவார்கள். பார்னபி கண்ணை இறுக மூடிக்கொள்வான். ஆமென் சொல்லும்போது அவன் குரல் பாதிரியார் குரலுக்கு மேல் போகும். பாசம் ஒன்றும் இல்லை. லயனலை அவன் கடைசியாகப் பார்த்த அன்று அந்தப் பையன் குதிரையை விட்டு அவனுடைய வாத்துகளை மிதித்துக்கொண்டு போனான், திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் லயனல் செத்தால் பார்னபிக்கு வீடு கிடையாது. அதனால் வாத்துகளை மறந்துவிட்டான்.

அந்தப் பக்கத்து நிலமெல்லாம் மூன்று உயிர்க் குத்தகை. குத்தகை எடுக்கும்போது மூன்று பேர் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவர் மூச்சுவிடுகிற வரைக்கும் நிலமும் வீடும் குத்தகைக்காரன் குடும்பத்தோடு இருக்கும். மூன்றாவது மூச்சும் நின்றால் அன்றைக்கே பண்ணைக்குத் திரும்பிவிடும். போதாததற்கு, ஒவ்வொரு உயிர் போகும்போதும் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பண்ணை ஓட்டிக்கொண்டு போகும். சாவுமாடு என்று அதற்குப் பேர். துக்கம் விசாரிக்க வருகிற முதல் ஆள் பண்ணை மணியக்காரராகத்தான் இருப்பார். வந்தவர் நேராகத் தொழுவத்துக்குப் போய்விட்டு, அப்புறம்தான் பிணத்தைப் பார்ப்பார்.

கீழ்வயலை எடுத்தது பார்னபியின் அப்பா. முதல் உயிராகத் தன்னைச் சொன்னார். இரண்டாவதாக மூத்த மகன் ஜாஸ்பர். மூன்றாவதாக முறைப்படி சின்ன மகன் பார்னபியைச் சொல்லியிருக்க வேண்டும். பார்னபிக்கு அப்போது ஒன்பது வயது. ஓயாத இருமல். அதே மாதம் பெரிய வீட்டில் எவரார்ட் துரைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பால் கொடுக்க இரண்டு பெண்கள், கணப்பில் எந்நேரமும் நெருப்பு. அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தையை ஒருமுறை பார்த்தார். சந்தையில் கன்றின் தொடையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இவரப் போட்டுக்குங்க" என்றார்.

மணியக்காரர் பக்கத்தில் நின்ற பார்னபியைக் காட்டி, "அப்ப இவன்?" என்று கேட்டார்.

"இவன் இந்தப் பனி தாண்ட மாட்டான்ங்க."

பார்னபி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். துரைக்குத் தன் பிள்ளையை ஒரு குடியானவன் நம்பிப் பெயர் சொன்னதில் சந்தோஷம். ஆளுக்கு ஒரு குவளை பீர் கொடுக்கச் சொன்னார். ஊரில் வேறு சிலரும் அப்படிச் செய்தவர்கள்தான். பெரிய வீட்டுக் குழந்தை லேசில் சாகாது என்பது அவர்கள் கணக்கு. பெரிய வீட்டுக் குழந்தை வளர்ந்தால் வாளை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகும் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பனியெல்லாம் வந்து போயிற்று. அப்பா செத்தார், பண்ணை பசுவை ஓட்டிக்கொண்டு போனது. பார்னபியும் அவன் இருமலும் அப்படியே இருந்தார்கள்.

எவரார்டின் பட்டக் கதை விதர்டனில் எல்லோருக்கும் தெரியும். படித்தவர்கள் அதை வேறு மாதிரிச் சொல்வார்கள். நடந்தது இதுதான். முடிசூடியபோது வந்து 'சர்' பட்டம் வாங்கிக்கொள்ளாத நிலக்காரர்களுக்கெல்லாம் ராஜா அபராதம் போட்டார். எவரார்ட் பட்டம் இல்லாததற்கு ஒருமுறை பணம் கட்டினார். பட்டம் வாங்க இன்னொருமுறை கட்டினார். வந்த பிறகுதான் தெரிந்தது, அது அவரோடு போய்விடுமாம். மகனுக்கும் சேர்ந்து வருகிற 'சர்' வேறு. அதற்கு விலையும் வேறு. வடக்கு மேய்ச்சலை விற்று அதையும் வாங்கினார்.

பிறகு ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை வந்தது. எவரார்ட் ராஜா பக்கம் நின்றார். அந்தப் பக்கம் ஏற்கெனவே நிறையக் கொடுத்தாகிவிட்டது, விட்டுவிட்டு வர மனமில்லை. அவர் தம்பி ரால்ஃப் பார்லிமெண்டு பக்கம் போனார். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் சொத்து வீட்டுக்குள் இருக்கும் என்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் பேசி வைத்ததை இருவருமே மறந்து நிஜமாகவே பகைத்துக்கொண்டார்கள்.

வீட்டு வெள்ளிச் சாமான், லாயத்துக் குதிரைகள், குதிரைக்கு ஒன்றாகக் குடியானவர்கள், எல்லாவற்றையும் எவரார்ட் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ராஜாவிடம் அனுப்பினார். வெள்ளியை உருக்கிக் காசடித்தார்கள். குதிரைகளைத் தின்றார்கள் என்று கேள்வி. குடியானவர்களில் ஒருவன் பார்னபியின் அண்ணன் ஜாஸ்பர். அவன் ஒரு சண்டையையும் பார்க்காமல் பாசறைக் காய்ச்சலில் போனான். பண்ணை உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போனது. எவரார்டுக்கு 'லார்டு' பட்டம் வந்தது, துரை பிரபு ஆனார்.

ராஜா தோற்றார். சண்டை தொடங்கிய பிறகு கொடுத்த பட்டமெல்லாம் செல்லாது என்று பார்லிமெண்டு சொல்லிவிட்டது. இதில் கஷ்டப்பட்டது குடியானவர்கள்தான். பிரபு என்று கூப்பிட்டால் ரால்ஃபின் ஆட்கள் அபராதம் போடுவார்கள். துரை என்று கூப்பிட்டால் எவரார்ட் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஓடைத் தண்ணீர் விடமாட்டார். ஊரில் ஆளுக்கொரு தந்திரம் வைத்திருந்தார்கள். பார்னபிக்கு மட்டும் தந்திரம் தேவைப்படவில்லை. கூப்பிட வேண்டிய இடம் வந்தால் இருமினான்.

ராஜா பக்கம் நின்றதற்கு எவரார்ட் பெரிய அபராதம் கட்ட வேண்டியிருந்தது. ஆலையையும் காட்டையும் விற்றார். கையில் ரொக்கம் இருந்தவர் ரால்ஃப் ஒருவர்தான், அவரே வாங்கினார். பெரிய வீட்டுக் கூரையிலிருந்த ஈயத்தகட்டைச் சிப்பாய்கள் குண்டு வார்க்க உரித்துக்கொண்டு போனார்கள். ராஜாவின் தலையை வெட்டினார்கள். ராஜாவின் மகனுக்காகச் சண்டை போடப்போன லயனல், ஊஸ்டர் சண்டையில் தோற்று, எப்படியோ கப்பலேறித் தப்பினான். அடுத்த வருஷம் ஒரு கம்பளி வியாபாரி கடலுக்கு அந்தப் பக்கம் புரூஜ் பட்டணத்துக் கள்ளுக்கடையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னான். தாயம் உருட்டிக்கொண்டிருந்தானாம். பூட்ஸைப் பணயம் வைத்தானாம்.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

கடைசியில் அந்த ராஜாவின் மகன் புது ராஜாவாகத் திரும்பி வந்தார். எவரார்ட் லண்டனுக்கு ஓடினார். பார்லிமெண்டு பிடுங்கிய நிலத்தையெல்லாம் பழைய சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சொந்தக்காரன் தானே கையெழுத்துப் போட்டு விற்றது விற்றதுதானாம். அபராதம் கட்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்தவனுக்கு நிலம் முழுசாகத் திரும்பி வந்தது. ஒழுங்காகக் கட்டியவனுக்கு வரவில்லை. எவரார்ட் ஒழுங்காகக் கட்டியவர். ராஜாவிடம் பணம் இல்லை, பட்டம் இருந்தது. லார்டுக்கு ஒரு படி மேலே வைகவுண்ட் ஆக்கி அனுப்பினார். எவரார்டுக்குப் பின் மகன் லயனலுக்கு, மகன் இல்லாவிட்டால் தம்பி ரால்ஃபுக்கு என்று பட்டயத்தில் எழுதியிருந்தது. தம்பியைச் சேர்க்கச் சொல்லி எவரார்ட் கேட்கவில்லை. குமாஸ்தா மையைத் தாராளமாக விட்டிருந்தார்.

பட்டம் பிசாசின் கொம்பு என்று பத்து வருஷம் ஊரெல்லாம் பேசித் திரிந்தவர் ரால்ஃப். அதைக் கேள்விப்பட்டதும், வைகவுண்டுக்கு அங்கியில் எத்தனை முழம் வெல்வெட் போகும் என்று தையல்காரனை விசாரித்தார்.

சர்ச்சில் பெரிய வீட்டுக்காரர்களின் பெஞ்சு முன்வரிசையில் இருக்கும். அதில் எவரார்டுக்குப் பக்கத்தில் லயனலின் இடம். அங்கே சிவப்பு மெத்தை ஒன்று போட்டிருக்கும். பையன் போனதிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. ரால்ஃபுக்கு இடம் இரண்டு வரிசை பின்னால். அங்கிருந்து அவர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்ததைவிட அந்த மெத்தையைப் பார்த்ததுதான் அதிகம்.

இப்படி இருக்கையில் ஒரு செப்டம்பர் காலையில் மணியக்காரர் வின்ச் கீழ்வயலுக்கு வந்தார். வந்தவர் தொழுவத்தைப் பார்த்தார்.

பார்னபி எழுந்து வந்தான். "யாருங்க செத்தது?" என்றான்.

"சட்டப்படி சொல்றேன், கேட்டுக்க" என்றார் வின்ச். "லண்டன்ல புதுச் சட்டம் போட்டிருக்காங்க. குத்தகையில பேரு உள்ளவன் கடல் தாண்டிப் போயி ஏழு வருஷமா சேதி இல்லேன்னா, நில விஷயத்துல அவன் செத்தவன். இருக்கான்னு நீ சொன்னா நீதான் காட்டணும்."

"முன்னாடி செத்தான்னு நீங்கதானே காட்டணும்னு இருந்துச்சு?"

"அது முன்னாடி."

"சட்டம் யாரு போட்டாங்க?"

"நிலம் வச்சிருக்கவங்க. வேற யாரு போடுவா? நீயா?"

லண்டன் துணி வியாபாரி ஒருவர் கீழ்வயலைக் கேட்கிறாராம். காலி நிலமாக இருந்தால் முந்நூறு பவுன் முன்பணம் தருவாராம். பிரபுவுக்கு ராஜ சபையில் போய் உட்கார அங்கி வேண்டும், வண்டி வேண்டும். பட்டத்தை ராஜா சும்மா கொடுத்தார், அதைப் போட்டுக்கொள்வதற்குத்தான் செலவு. அதனால் வருகிற வியாழக்கிழமை பண்ணைக் கோர்ட்டில் மூன்றாவது உயிரைப் பற்றிக் கேட்கும்போது பிரபு சேதி இல்லை என்று சொல்லிவிடுவார்.

"அவரு புள்ளய அவரே செத்தாச்சுன்னு சொல்லுவாரா?"

"நிலத்துக்கு மட்டும். மத்தபடி அவரப் பொறுத்தவரைக்கும் பையன் உசிரோடதான் இருக்கான். சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு." வின்ச் சிவப்பு எருதின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார், "வியாழக்கிழமை வரும்போது இத ஓட்டிட்டு வந்துரு. சாவுமாடு."

"அவரு புள்ள செத்ததுக்கு எம் மாடா?"

"மூணாவது உயிருல்ல, பார்னபி. மூணாவது உயிருக்கும் மாடு உண்டுன்னு ஒங்கப்பா கைநாட்டு வச்சிருக்காரு."

பார்னபி இருமினான். இந்த முறை நிஜ இருமல்.

அவன் மனைவி தாமசின் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவனிடம் கேட்டுக்கொண்டாள். மேலே கூரையைப் பார்த்தாள். கீழ்வயல் வீட்டுக் கூரை வைக்கோல் கறுத்து, பாசி பிடித்து, இரண்டு இடத்தில் ஆகாயம் தெரிந்தது. பல வருஷமாக அதை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். லயனலைப் பற்றி ஒரு சேதி வரட்டும், நாளைக்கு நமக்கில்லாத வீட்டுக்கு யார் கூரை போடுவார் என்று பார்னபி தள்ளிக்கொண்டே வந்தான்.

"ஒங்கப்பா அன்னிக்கு ஒங்க பேரச் சொல்லியிருந்தா இந்தப் பேச்சே இல்ல" என்றாள்.

"அவரு சொல்லல."

"சொல்லலதான். விடுங்க." கடைகிற கையை நிறுத்தினாள். "ஏங்க, அந்தப் பையன் செத்தா ஊருல யாருக்கு லாபம்?"

"பிரபுவுக்கு. நிலம் கெடைக்குது."

"வேற?"

பார்னபி யோசித்தான். "ரால்ஃபுக்கு. பிரபுவுக்கு அப்புறம் பட்டம் கெடைக்குது."

"பிரபு நிலத்துக்கு மட்டும் சாகடிக்கப் போறாரு. தம்பிக்கு அது தெரியுமா?"

"எப்படித் தெரியும்? பிரபு சொல்லுவாரா?"

தாமசின் மறுபடி கடைய ஆரம்பித்தாள். "வீட்டுல மாவு இல்ல" என்றாள். "அரைச்சுட்டு வாங்க."

மாவு இருந்தது. இருந்தாலும் பார்னபி கோதுமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனான். ஆலைக்குப் பக்கத்தில் ரால்ஃபின் புது செங்கல் வீடு. கூரையில் ஈயம் பளபளத்தது. அது எங்கிருந்து வந்த ஈயம் என்று ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ரால்ஃப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் மூட்டை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஆலை வைத்திருந்தும் தன் ஆலைக்காரனை நம்பாதவர். அந்த ஒரு விஷயத்தில் பார்னபிக்கு அவரைப் பிடிக்கும்.

"என்ன பார்னபி, இருமல் எப்படி?"

"இருக்குதுங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் எங்க வச்சு இருமறதுன்னுதான் தெரியல."

"ஏன், என்ன வியாழக்கிழமை?"

"ஒங்க அண்ணன் மகன் செத்துட்டாராம். கோர்ட்டுல சொல்லப் போறாங்க."

ரால்ஃப் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகத்தில் என்ன வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தை வைத்தார், எடுத்தார், துக்கத்தை வைத்தார். "லயனலா! அடப் பாவமே! யாரு சொன்னது?"

"மணியக்காரரு வந்து மாட்டப் பாத்துட்டுப் போனாருங்க."

மணியக்காரர் மாட்டைப் பார்த்தார் என்றால் அந்த ஊரில் அதற்கு மேல் அத்தாட்சி வேண்டாம். ரால்ஃப் தொப்பியைக் கழற்றினார்.

"பாவம், எல்லாரும் சும்மா வந்து உக்காந்துட்டுப் போவாங்க" என்றான் பார்னபி. "சொந்த ரத்தம்னு ஒரு ஆளாவது துக்கத்துக்குக் கறுப்புப் போட்டுட்டு வந்தா ஊருல பேசுவாங்க."

அன்று ரால்ஃப் அவனிடம் அரைப்புக் கூலி வாங்கவில்லை. பார்னபி திரும்பி வரும் வழியெல்லாம் மூட்டையை எடை பார்த்துக்கொண்டே வந்தான். கூலி வாங்காதவன் மாவில் கை வைத்திருப்பான் என்று அவனுக்குச் சந்தேகம்.

வியாழக்கிழமை பெரிய வீட்டுக் கூடத்தில் கோர்ட் கூடியது. ஈயம் போன கூரையில் எண்ணெய்த்துணி கட்டியிருந்தார்கள். வெளியே மழை. உள்ளே வாளிகள். எவரார்ட் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல், கையில் தேய்ந்த கையுறை. அவர் காலடியில் வைத்திருந்த வாளிக்கு மட்டும் வெள்ளிப் பிடி, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகாமல் தப்பியது. பார்னபி எருதை வெளியே முற்றத்தில் கட்டிவிட்டுக் கதவோரம் நின்றான். ஊர்க்காரர்கள் அவனுக்கு நிறைய இடம் விட்டார்கள், கெட்ட நேரம் ஒட்டிக்கொள்ளும் என்று.

வழக்கம்போல வின்ச் ஒவ்வொரு நிலமாகக் கூப்பிட்டார். உயிர்களைக் கேட்டார். "இருக்காரு", "இருக்கா", "போயிட்டாரு" என்று ஊர்க்காரர்கள் பதில் சொன்னார்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே சொன்னார்கள்.

"கீழ்வயல். முதல் உயிர்?"

"போயிட்டாரு."

"ரெண்டாவது உயிர், ஜாஸ்பர்?"

"போயிட்டான்."

"மூணாவது உயிர்..." என்று வின்ச் பிரபுவின் பக்கம் திரும்பியபோது கதவு திறந்தது.

ரால்ஃப் வந்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கறுப்புத் தொப்பி, கறுப்புக் காலுறை, தோளிலிருந்து முழங்கால் வரை தொங்குகிற கறுப்புச் சால்வை. கைக்குட்டைகூடக் கறுப்பு. பின்னாலேயே அவர் மனைவி, இரண்டு வேலைக்காரர்கள், எல்லோரும் கறுப்பு. இதையெல்லாம் மூன்று நாளில் யாராலும் தைத்திருக்க முடியாது. ரொம்ப நாளாகப் பெட்டியில் மடித்து வைத்திருக்க வேண்டும், மடிப்பு தெரிந்தது.

கூடம் முழுக்க விழித்துக்கொண்டது.

"என்னடா இது?" என்றார் எவரார்ட்.

"துக்கம் கேக்க வந்தேண்ணே."

"யாரு துக்கம்?"

"நம்ம லயனல். நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் ஓடி வந்தேன்." ரால்ஃப் கறுப்புக் கைக்குட்டையால் கண்ணைத் தொட்டார். கண் ஈரமாக இல்லாததால் பக்கத்துச் சுவரில் ஒழுகிய தண்ணீரை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

வின்ச் குனிந்து பிரபுவின் காதில் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் காது மந்தமானவரிடம் மெதுவாகப் பேசினால் ஊருக்கே கேட்கும். "நிலத்துக்கு மட்டும்தான் பிரபு. பட்டத்த இது தொடாது. சட்டத்துல தெளிவா இருக்கு."

"தொடாதுதான்" என்றார் ரால்ஃப். அவருக்கும் கேட்டுவிட்டது. "ஆனா அண்ணன் வாயால சேதி இல்லேன்னு சொன்னத, சொன்னபடி ஒரு நகல் வாங்கிக்கிட்டு லண்டன் போனா, அங்க இருக்கவங்களுக்கும் கண்ணு தெரியும்ல? சரி, அதெல்லாம் அப்புறம். இப்ப எதுக்கு?" குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமைக்கு அந்தச் செவப்பு மெத்தையக் கொஞ்சம் காய வச்சு எடுக்கச் சொல்லுங்கண்ணே. இத்தன வருஷம் சும்மா கெடந்திருக்கு. பூச்சி இருக்கும்."

வாளியில் தண்ணீர் சொட்டியது. வெளியே எருது கத்தியது. துணி வியாபாரி அனுப்பியிருந்த ஆள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

பார்னபி எவரார்டின் கையைத்தான் பார்த்தான். அது நாற்காலியின் கைப்பிடியை விட்டு, பக்கத்தில் வெறும் இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. சர்ச்சில் அந்தப் பக்கம்தான் மெத்தை இருக்கும்.

"கேளுய்யா" என்றார் எவரார்ட்.

"பிரபு, முந்நூறு பவுன். ஒருமுறை யோசிச்சு..."

"கேளுன்னேன்."

வின்ச் கேட்டார். "கீழ்வயல். மூணாவது உயிர், லயனல். இருக்காரா?"

"இருக்கான்" என்றார் எவரார்ட்.

"பிரபுவுக்குச் சேதி ஏதாவது...?"

"அவன் அப்பன் நான் சொல்றேன். இதுக்கு மேல என்ன சேதி? எழுதிக்க. உசிரோட இருக்கான். நல்ல சௌக்கியமா இருக்கான். நம்ம எல்லாரையும்விட நல்லா இருக்கான்." தம்பியைப் பார்த்தார். "நீ போயி துணிய மாத்திட்டு வா. நல்ல நாள்ல கோட்டான் மாதிரி வந்து நிக்கிற."

அங்கே சிரித்ததற்காகப் பிறகு இரண்டு பேருக்கு ஓடைத் தண்ணீர் தாமதமானது. துணி வியாபாரியின் ஆள் பீரைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பினான். பார்னபி எருதை அவிழ்த்து மழையிலேயே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். தாமசின் வாசலில் நின்றிருந்தாள். எருதைப் பார்த்தாள். உள்ளே போய் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பார்னபி எருதைத் துடைத்துக்கொண்டே நின்றான், அவள் முடிக்கிற வரைக்கும்.

அடுத்த வாரம் அவன் கூரைக்காரனைக் கூப்பிட்டான். புதுக் கோதுமை வைக்கோல், நீளமாக, அடிபடாதது. பழைய கூரையைப் பிரித்துப் போட்டதில் எலி, குருவிக்கூடு, அப்பா எப்போதோ செருகி வைத்த ஒரு அரிவாள் எல்லாம் விழுந்தன.

அன்று மத்தியானம் எவரார்ட் அந்த வழியாக வந்தார். நடந்துதான் வந்தார். வைகவுண்டிடம் வண்டி இல்லை, அங்கியும் இல்லை, ராஜ சபையில் அவர் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. வேலியோரம் நின்று மேலே பார்த்தார். பார்னபி ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"இது எத்தன வருஷம் தாங்கும்?"

"நல்லாக் கட்டினா முப்பது வருஷம் போகும்ங்க."

"அப்ப அவன் முப்பது வருஷம் இருப்பான்னு நெனைக்கிற."

பார்னபி கையிலிருந்த வைக்கோல் துரும்பைத் தட்டினான்.

எவரார்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒன்னு செய்யலாம். சட்டத்துல எடம் இருக்காம், வின்ச் சொன்னான். அவன் பேர எடுத்துட்டு ஒன் பேரப் போட்டுக்கலாம். அந்தச் செவப்பு எருதக் குடுத்தாப் போதும். நீ இங்கயே இருக்கற ஆளு. அலைய வேண்டாம், காட்ட வேண்டாம். அன்னிக்கே ஒங்கப்பன் ஒன் பேரத்தான் சொல்லியிருக்கணும்."

சின்ன வயசில் கேட்டிருந்தால் அந்த வார்த்தைக்கு பார்னபி எருதை மட்டுமல்ல, தொழுவத்தையே கொடுத்திருப்பான். இப்போது நாற்பத்தேழு வயது. சொன்னதை ஒருமுறை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தான். யாராவது சும்மா கொடுத்தால் அவன் அப்படித்தான் பார்ப்பான்.

"வேண்டாங்க" என்றான்.

"ஏன்?"

"என் உசிரு இங்கயே கெடக்கு. யாரு வேணும்னாலும் வேலியத் தாண்டி வந்து பாத்துட்டுப் போகலாம். ரெண்டு இருமல் இருமினா வின்ச் வந்து தொழுவத்துல நிப்பாரு. ஒங்க மகனோடது கடலுக்கு அந்தாண்ட இருக்கு. யாரும் தொட முடியாது. அதே இருக்கட்டும்."

எவரார்ட் தலையாட்டினார். போக ஆரம்பித்தவர் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "இங்க யாரும் இல்ல. கோர்ட்டும் இல்ல. நீ சொல்லு. அவன் இருக்கானா?"

பார்னபிக்குத் தெரியாது. புரூஜ் கள்ளுக்கடையில் பூட்ஸ் போனவன் பனிக்காலத்தில் வெறுங்காலோடு எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று அவன் பலமுறை யோசித்திருக்கிறான். யோசித்த ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆமென் சொல்லியிருக்கிறான்.

"இருக்காருங்க பிரபு" என்றான். அந்த இடத்தில் அவன் இருமவில்லை.

எவரார்ட் திரும்பாமலே கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

"மூலையில நெருக்கிக் கட்டச் சொல்லு. காத்து அங்கதான் பிரிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்னபி ஏணியில் ஏறினான். மூலையை அவிழ்த்து மறுபடி நெருக்கிக் கட்டச் சொன்னான். கூரைக்காரன், இதற்குத் தனிக் கூலி ஆகும் என்றான். ஆகட்டும் என்றான் பார்னபி.